நமச்சிவாயம் வீட்டுப் பிசானம்

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் நமச்சிவாயம் மைக்கைப் பிடித்தால் தாமிரபரணியை அவிழ்த்துவிடுவார். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேர்வது வரை மூச்சுவிடாமல் சொல்லி, "வண்டலக் கொண்டாந்து நம்மள வாழவச்ச தாய் வே!" என்று கண்கலங்குவார். அந்த வண்டல் விளைவித்த தாத்தாவின் நஞ்சையை மனைபோட்டு விற்றவரும் அவர்தான். ஒரு மனையைத் தனக்கென்று நிறுத்தி வீடு கட்டினார். பக்கத்து வாய்க்காலைத் தூர்த்துக் கார்க்கொட்டகை போட்டார். வாசலில் ஆற்றின் பழம்பெயரால் 'பொருநை இல்லம்' என்று பளிங்கில் எழுதிவைத்தார்.

மார்கழி வெள்ளத்தில் ஆறு பழைய வாய்க்காலைத் தேடிக்கொண்டு நேரே கொட்டகைக்குள் வந்தது.

"அறிவுகெட்ட ஆறு! வீடுன்னு கூடப் பாக்காம வருது பாரு" என்று மொட்டைமாடியில் நின்று தாயைத் திட்டித் தீர்த்தார்.

தண்ணீர் வடிந்ததும், சேற்றை அள்ள ஆள் கிடைக்காமல், கொட்டகையைக் காரோடு அப்படியே போட்டுவிட்டு மனைவி சொர்ணாம்பாளோடு மகள் வீட்டுக்குப் போனார். பொங்கல் கழித்துத் திரும்பினால், வெள்ளம் அடித்துவந்த பிசானப் பருவத்து நெல்நாற்று காரைச் சுற்றி வேர்பிடித்துப் பச்சைப்பசேலென்று நின்றது.

நமச்சிவாயம் நாற்றை மிதிக்காமல் காரைச் சுற்றிவந்தார். சொர்ணாம்பாள் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏங்க, மறுபடியும் வயலாயிட்டு. இதையும் மனைபோட்டு வித்துருதியளா?"