பத்து இன்ச் காற்று

என் அக்காள் இருதயமேரியின் கணவர் விக்டர், பொன்மலை ரயில்வே பட்டறையில் பிரேக் ஃபிட்டர். ரயில் பெட்டிக்கு அடியில் இருக்கும் சிலிண்டரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் சக்கரம் உருளும். வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். எங்கே காற்று கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இருபது வருடத்துக்கு மேலாக அவர் பார்த்த வேலை. நான் அமிர்தராஜ், ஸ்ரீரங்கம் தபாலாபீசில் கிளார்க், கல்யாணம் ஆகாதவன். எழுபத்தாறிலிருந்து அவர்களுடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் ஓர் அறையில் இருந்தேன். அவரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. அதை மறைத்து எழுதுகிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

அத்தான் எங்கேயும் தூங்குவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி தூங்குவார். கோவிலில் பிரசங்கம் தொடங்கினதும் தலை சாயும். சோற்றைப் பிசைந்து கவளம் உருட்டுகிறவர் அதை வாய்க்குக் கொண்டு போவதற்குள் தூங்கியிருப்பார். எழுபத்தெட்டு, எழுபத்தொன்பதில் உடம்பு போட ஆரம்பித்ததிலிருந்து இப்படி. குறட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். நடுநடுவே குறட்டை சட்டென்று நிற்கும். "அப்பாடா, நிறுத்தினாரு மனுசன்" என்று நான் புரண்டு படுப்பேன். அந்த அமைதிதான் வியாதி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

எண்பத்து மூன்று ஆகஸ்டில் அவர்களுடைய ஒரே பெண் பேட்ரிசியா மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது வயது. நாலு நாள் ஆஸ்பத்திரி, ஐந்தாம் நாள் காலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஹாலில் பெட்டி, தலைமாட்டில் சிலுவையும் மெழுகுவர்த்தியும். சாயங்காலம் நாலரைக்கு அடக்கம். மத்தியானம் பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அத்தான் குறட்டை விட ஆரம்பித்தார்.

ஜெபம் சொன்னவர்கள் குரலை உயர்த்தினார்கள். குறட்டை அதற்கும் மேலே போயிற்று. நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தவர், "ஷிப்ட்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். அக்காள் அவரை ஒரு தடவை பார்த்தாள், பிறகு பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்லறையில் அவர் அழவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டார். வீட்டுக்கு வந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார், தூங்கினார். கல் நெஞ்சு என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேசினார்கள். நானும் பேசினேன். அக்காளிடம் அதைச் சொன்னபோது அவள் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் அத்தானிடம் பேசுவது குறைந்துபோயிற்று. சமைத்தாள், டிபன் கேரியரைக் கட்டிக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு டீச்சர், காலையில் போனால் மாலையில் வருவாள். கல்லறைத் திருநாள் வந்தால் மூன்று பேரும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு போவோம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்து வருவதற்குள் அத்தான் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். நாலு வருடமும் அப்படித்தான்.

எண்பத்தேழில் பட்டறையில் அவரைப் பிரேக் சோதனையிலிருந்து எடுத்து, ரப்பர் வளையங்களைக் கழுவித் துடைக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள். அதில் தப்பில்லை, வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த வருடம் ஆடி மாதம் பட்டப்பகலில் சைக்கிளோடு வாய்க்காலில் இறங்கினார். நெற்றி கிழிந்தது. தையல் போட்டவர் தென்னூரில் இருந்த தொண்டை டாக்டர் அழகர்சாமியிடம் போகச் சொன்னார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் அவர்.

அழகர்சாமி அத்தானிடம் அதிகம் கேட்கவில்லை. அக்காளைப் பார்த்து, "தூங்கும்போது இவருக்கு மூச்சு நிக்குதாம்மா?" என்றார்.

"நிக்கும். நான் எண்ணியிருக்கேன். நாப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன்."

ஒரே கூரைக்குக் கீழே பதினோரு வருடம் இருந்தவன் நான், எனக்கு இது தெரியாது.

"எழுப்புவீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"எண்ணுவேன்" என்றாள் அக்காள்.

டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து ஒட்டிக்கொள்கிறது, மூச்சு அடைபடுகிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, ஒரு ராத்திரிக்கு இருநூறு முந்நூறு தடவை இப்படி நடக்கிறது என்று விளக்கினார். "இவரு தூங்குமூஞ்சி இல்லைங்க. இவரு தூங்கியே எட்டு ஒம்பது வருஷம் ஆகியிருக்கும். இப்படி இருக்கிறவங்களுக்குச் சந்தோசம், துக்கம் எதுவும் சரியா உள்ளே இறங்காது."

"எதுவுமா?" என்றாள் அக்காள்.

"பெரும்பாலும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் என் தோளில் சாய்ந்து தூங்கினார். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். கல் நெஞ்சா, இல்லை வியாதியா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு அந்த மனுசன் ஒரு தடவையாவது முழுசாக விழிக்க வேண்டும்.

மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும், ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காள் ஒரு டென்னிஸ் பந்து வாங்கினாள். பனியனின் முதுகில் ஒரு பை தைத்து அதில் பந்தைப் போட்டு வாயையும் தைத்துவிட்டாள். தைத்த பனியனை நாற்காலி மேல் போட்டுவிட்டுப் போனாள், கையில் கொடுக்கவில்லை. தூக்கத்தில் மல்லாந்தால் பந்து முதுகில் குத்தும், மறுபடி ஒருக்களிப்பார். குறட்டை பாதியாயிற்று. சாப்பிடும்போது தூங்குவது நின்றது. பிரசங்கத்தில் தூங்குவது நிற்கவில்லை.

இது மட்டும் போதாது என்றார் அழகர்சாமி. ஒரு மருத்துவப் பத்திரிகையைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் அந்தப் பக்கம் காற்றடிக்கும் மோட்டார். ஓயாமல் உள்ளே தள்ளுகிற காற்று தொண்டையை ஒட்டவிடாது. இங்கே எங்கேயும் கிடைக்காது என்று உதட்டைப் பிதுக்கினார். அத்தான் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பல வருடமாக அவர் எதையும் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

"இது நம்ம வேலைதான் டாக்டர்" என்றார். "நாங்க காத்தை வெளியே இழுப்போம். இது உள்ளே தள்ளுது. அவ்வளவுதானே?"

அரியமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் பஷீர் அகமதுவின் ஷெட்டில் அந்த மிஷின் உருவாயிற்று. பழைய வேக்குவம் கிளீனர் மோட்டாரின் பின்பக்கத்துக் காற்றைக் குழாயில் திருப்பினார்கள். மூக்கு மூடியை டாக்டர் கொடுத்தார், தலையில் மாட்டும் பட்டையைச் சைக்கிள் டியூபில் வெட்டினார்கள். விடும் மூச்சு வெளியேற மூடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு துளை. காற்றைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் ஒரு திருகாணி. அளப்பதற்கு, வளைந்த கண்ணாடிக் குழாயில் இங்க் கலந்த தண்ணீர். காற்று தள்ளத் தள்ள ஒரு பக்கத்துத் தண்ணீர் இறங்கி மறுபக்கம் ஏறும். "ரெண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் பத்து. அதுக்கு மேலே வேண்டாம்" என்றிருந்தார் டாக்டர். அத்தான் பட்டறை ஸ்கேலை வைத்துக் குழாய் ஓரத்தில் கோடு கோடாகக் கீறிக்கொண்டார்.

முதல் தடவையே வயிறு உப்பிவிட்டது. மறுநாள் முழுக்க ஏப்பம். காது அடைத்துக்கொண்டது. காற்றின் வேகத்தில் மூடி முகத்தை விட்டுத் தூக்கிக்கொண்டு விசிலடித்தது.

"லீக் இருக்கு" என்றார் அத்தான். அவருக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான். பட்டையை இறுக்கினார். இன்னும் இறுக்கினார். மூக்குத் தண்டில் புண் வந்தது. மிஷினைத் தூக்கிக்கொண்டு அரியமங்கலம் போனோம். பஷீர் அகமது மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் தங்கமா ஓடுது அண்ணே. வேணும்னா காயிலைப் பிரிச்சுக் காட்டட்டுமா?" என்றார். மூன்று வாரத்தில் மிஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. எல்லாம் பழையபடி ஆயிற்று. எனக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. இந்த ஆளுக்கு இவ்வளவுதான் என்று இருந்தது.

எண்பத்தெட்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை அக்காள் வீடு கூட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து மிஷினை வெளியே இழுத்தவள், கண்ணாடிக் குழாயில் கீறியிருந்த கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஸ்கூல் பையிலிருந்து மர ஸ்கேலை எடுத்துவந்து குழாயோரம் வைத்தாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவு சொல்லிக் கொடுக்கிறவள். "என்னங்க" என்று கூப்பிட்டாள்.

அத்தான் வந்தார்.

"டாக்டர் எத்தனை சொன்னாரு?"

"பத்து."

"இது இருபத்தஞ்சு இருக்கு."

"பத்துதான். எண்ணிப் பாரு."

"உங்க கோடு இன்ச்சு. அவரு சொன்னது சென்டிமீட்டர்."

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரேக் பட்டறையில் கேஜ் என்றால் இன்ச். அப்ரண்டிஸாகச் சேர்ந்த நாளிலிருந்து காற்றை வேறு எதிலும் அவர் அளந்ததில்லை. ஊரெல்லாம் சென்டிமீட்டருக்கு மாறியது அவர் காதில் விழுந்திருக்கலாம், கையில் விழவில்லை. இரண்டரை மடங்கு காற்றைத் தன் தொண்டையில் தானே அடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மர ஸ்கேலை வைத்துப் புதுக் கோடு கீறினார், திருகாணியைத் தளர்த்தினார். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பந்து வைத்த பனியனோடு ஒருக்களித்துப் படுப்பதானால் பத்துகூட வேண்டாம், எட்டு போதும் என்றார். பட்டையையும் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தச் சொன்னார்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, மத்தியானம் மிஷினை மாட்டிக்கொண்டு படுத்தார். நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். அக்காள் கதவருகில் நின்றாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணத் தயாராக இருந்தாள். மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மார்பு ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. ஒரு மணி நேரம் போயிற்று. எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அக்காள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

எட்டு ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. முகத்தில் வீக்கம் வடிந்தது. ரயில்வே கேட்டில் நின்றாலும் விழித்துக்கொண்டு நின்றார். சாலையில் போகிறவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை காலை, கொல்லைப்புறத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் ஈரக் கையோடு அடுப்படி வாசலுக்கு வந்தார்.

"மேரி, பாப்பாவுக்குப் பெட்டியில என்ன டிரஸ் போட்டோம்?"

அக்காள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோவில்ல முதல் தடவை நன்மை வாங்கினப்ப தச்ச வெள்ளை டிரஸ்."

"ஷூ?"

"போடல. கால் வீங்கியிருந்துச்சு."

"கடைசியா ஏதாவது சொல்லுச்சா?"

"உங்களைக் கேட்டுச்சு. அப்பா எங்கேன்னு கேட்டுச்சு."

"நான் எங்கே இருந்தேன்?"

"பக்கத்துப் பெஞ்சுல. தூங்கிட்டிருந்தீங்க."

ஸ்கூல் கேள்வித்தாளுக்குப் பதில் சொல்வதுபோல எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அத்தான் நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது. அப்படி ஒரு ஆண் அழுது நான் கேட்டதில்லை. "பாப்பா, பாப்பா" என்று தரையைத் தட்டித் தட்டி அழுதார். நாலரை வருடமாக அவரைக் கல் நெஞ்சு என்று சொன்ன என் வாயை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"நீயும் வந்து உக்காரு மேரி" என்று அவள் புடவையைப் பிடித்தார்.

அவள் அடுப்பை அணைத்தாள். விரல் விரலாகப் புடவையை விடுவித்துக்கொண்டாள். "எனக்குத் தீந்து போச்சுங்க. அப்பவே தனியா அழுது முடிச்சுட்டேன். நீங்க அழுங்க."

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள். குடிவந்து ஒரு வருடம்தான் ஆகிறது, பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. "யாரு தம்பி, யாரு தவறிட்டாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்த அக்காள் செருப்பை மாட்டியபடியே சொன்னாள்: "எங்க பாப்பா தவறிட்டா. இவருக்கு இப்பதான் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.