மேற்றனின் கடைசிச் சவுக்காரம்

போன கிழமை ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டு முடித்து, கையில் ஐஸ்கிறீம் கப்போடு ஒரு மின்விசிறியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் வந்து விழுந்தார் ஒரு வங்கி மனேஜர். ஒரு காலத்தில் என்னிடம் இரசாயனம் படித்தவராம். எனக்கு ஞாபகம் இல்லை — பின் வாங்கில், கடைசி வரிசையில் இருந்திருப்பார்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உந்தத் தாக்கவீதம், வெப்பமாற்றம் எண்டு எங்களைப் போட்டு உருட்டினியள். சத்தியமாச் சொல்லுறன், ஒரு நாள்கூட எனக்கு உதவேல்லை!”

சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே... ஐஸ்கிறீம் கப்பைக் கீழே வைத்தேன்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

போர் நாட்கள், அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக் காலம். குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை, சவுக்காரம் இல்லை. சோப்புக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். கொடியில் காயப்போட்டால் வாசத்துக்கு மாடு வந்து சட்டையைச் சப்பிவிட்டுப் போகும். யாரைக் கோபிப்பது — மாட்டையா, அரசாங்கத்தையா?

நான் அப்போது வலிகாமம் மேற்கில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் இரசாயன ரீச்சர். பட்டம் முடித்து இரண்டே வருடம். தலைக்கனத்துக்குக் குறைவில்லை. பள்ளிக்கூட விடுதியில் ஏ.எல். படிக்கும் பெண்பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். சோதனைக்கு ஆறு கிழமை இருக்கும்போது விடுதிக்குள் சொறி புகுந்தது.

முதலில் ஒரு பிள்ளை சொறிந்தாள். பிறகு ஒரு வரிசை. பிறகு எல்லோரும்! டொக்ரர் வந்து பார்த்தார். மருந்து இல்லை என்று கையை விரித்தார். படுக்கை விரிப்பு, உடுப்பு எல்லாவற்றையும் சவுக்காரம் போட்டு அவித்துத் தோய்க்கச் சொன்னார். பிள்ளைகள் நாள்தோறும் சவுக்காரம் போட்டுக் குளிக்க வேண்டுமாம். யாரிடம் போய் வாங்குவது?

அதிபர் முடிவெடுத்துவிட்டார். திங்கட்கிழமை விடுதியைப் பார்ப்பார். நிலைமை திருந்தவில்லை என்றால் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் எந்த வீட்டுக்கு? பாதிப் பிள்ளைகள் ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள். அனுப்பினால் சோதனை அவ்வளவுதான்.

ஸ்ராஃப் ரூமில் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நான் வாயைத் திறந்தேன்.

“சவுக்காரம்தானே? நான் செய்து தாறன்.”

சொன்ன பிறகுதான் யோசித்தேன். ஆய்வுகூட அலுமாரியில் ஒரே ஒரு போத்தல் எரிசோடா, எண்ணெயைச் சவுக்காரமாக்குகிற காரம், இருந்தது. அது பழுதானால் இன்னொன்று கிடைக்காது. பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு செக்கில் இலுப்பெண்ணெயும் வேப்பெண்ணெயும் வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சனிக்கிழமை காலை, விடுதிக் குசினிக்குப் பின்னால் வேலை தொடங்கியது. கூட நின்றவர்கள் இருவர் — சமையல்காரர் கந்தையா அண்ணை, விடுதியைக் கவனிக்கும் மேற்றன் கிறேஸ் அக்கா.

மேற்றனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பது வயது, கஞ்சி போட்ட சேலை, இடுப்பில் பூட்டுகளின் திறப்புக் கோர்வை. விடுதியில் மிஞ்சியிருந்த கடைசி அரைக் கட்டிச் சவுக்காரம் அவருடைய அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. சனிக்கிழமைகளில் அதை எடுத்து, தையல் நூலால் சீவி, பிள்ளைக்கு ஒரு சீவல் கொடுப்பார். தேவாலயத்தில் கொடுக்கும் இராப்போசன அப்பம்கூட அதைவிடத் தடிப்பாக இருக்கும்.

எரிசோடாவைத் தண்ணீரில் கொட்டினேன். எனாமல் பேசின் கைவைக்க முடியாத சூடாகி ஆவி கிளம்பியது. கந்தையா அண்ணை இரண்டடி பின்னால் பாய்ந்தார்.

“பிள்ளை, அடுப்பே மூட்டேல்லை. இதென்ன தன்ரைபாட்டிலை கொதிக்குது?”

“கரையேக்கை வெப்பம் வரும் அண்ணை. பயப்பிடாதேங்கோ.”

அவருக்குச் சொல்லிவிட்டு நான் பயந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் எட்டிப் பார்க்கிறார்கள். யாருடைய கண்ணிலாவது தெறித்தால்? பேசினுக்குள் இன்னும் இரண்டு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

செறிவு குறைந்தால் தாக்கவீதம், இரசாயன மாற்றம் நடக்கும் வேகம், குறையும்! வகுப்பில் நூறு தரம் சொன்னவள். கேள்வித்தாளில் எழுதாத பிள்ளைக்குப் புள்ளி வெட்டினவள். என் கையாலேயே, என் கண் முன்னாலேயே...

ஆறவிட்டுப் பெரிய மண்சட்டியில் எண்ணெயோடு சேர்த்துத் துழாவினோம். ஒரு மணித்தியாலம். இரண்டு மணித்தியாலம். கையை எடுத்தால் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே. கோபித்துக்கொண்ட மாமியும் மருமகளும்தான்! கந்தையா அண்ணை இருந்த விறகை அள்ளி அடுப்பை மூட்டினார். வெப்பநிலை கூடினால் வீதம் கூடும் — அதுவும் பாடம்தான். கொஞ்சம் கலங்கியது. இறக்கி வைத்தால் திரும்பவும் பிரிந்தது. மத்தியானமாகிவிட்டது.

“கண்டறியாத சவுக்காரம்,” என்றார் மேற்றன்.

எனக்கு அழுகை வந்தது. எண்ணெய்ப் போத்தல் வழிந்து கையெல்லாம் வேப்பெண்ணெய். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்க்கிறேன், போகிறதா?

“மேற்றன், சவுக்காரத்திலை ஒரு துண்டு தாங்கோவன். கை கழுவ.”

“அது பிள்ளையளுக்கு. நீர் சாம்பல் போட்டுத் தேயும்.”

சாம்பலை அள்ளினேன். அப்படியே நின்றேன்.

எண்ணெய் தண்ணீரோடு சேராது. சேர்த்து வைப்பது எது? சவுக்காரம்! அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். சட்டிக்குள் முதலில் கொஞ்சம் சவுக்காரம் இருந்தால் இரண்டும் நெருங்கும். நெருங்கினால் தாக்கம் நடக்கும். நடந்தால் புதுச் சவுக்காரம் வரும். அது இன்னும் நெருக்கிவைக்கும். விளைவே ஊக்கி! சாம்பல் கையோடு ஓடினேன்.

“மேற்றன், அந்த அரைக் கட்டியைத் தாங்கோ. சட்டிக்குள்ளை போடவேணும்.”

“என்ன?”

“சவுக்காரம் போட்டால்தான் சவுக்காரம் வரும்.”

“உமக்கென்ன விசரே? இருக்கிறதையும் துலைக்கப் போறீரோ?”

“இல்லை மேற்றன், இது—”

“கேளும் ரீச்சர். உமக்குப் படிப்பு இருக்கு. எனக்கு இருபத்தெட்டுப் பிள்ளையள் இருக்கு. உது பிழைச்சால் வாற சனிக்கிழமை அதுகளுக்கு நான் எதைக் குடுக்கிறது?”

நியாயம் முழுவதும் அவர் பக்கம்தான். ஆனால் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்ததே!

“அரைக் கட்டியை வைச்சுக்கொண்டு திங்கட்கிழமை என்ன செய்யப் போறியள்? பிழைச்சுதெண்டால் பிள்ளையளோடை நானும் பெட்டி கட்டுறன். இனிமேல் சோக்குக் கட்டி தொடமாட்டன்.”

மேற்றன் என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒருத்தி கம்பியில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பிலிருந்து திறப்பை உருவினார்.

என்னிடம் தரவில்லை. தானே கத்தியை எடுத்துத் தானே சீவினார். சீவி முடித்துக் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் பண்ணினார். பிறகு அள்ளிச் சட்டிக்குள் போட்டார்.

“துழாவும்!”

துழாவினேன். கந்தையா அண்ணை பன்னாடையைப் பிய்த்துப் பிய்த்து அடுப்புக்குள் தள்ளினார். ஐந்து நிமிடம் — ஒன்றும் இல்லை. பிறகு பால்போலக் கலங்கியது. பிரியவில்லை! பிறகு கூழ் மாதிரி. அதற்குப் பிறகு விறுவிறுவென்று... அகப்பை கையில் பாரமாகியது. இழுத்த கோடு அழியாமல் நின்றது.

“அண்ணை, நெருப்பை இழுங்கோ!”

இழுத்தார். சட்டி ஆறவே இல்லை. உள்ளே நடக்கும் தாக்கமே சூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“இறுகுது பிள்ளை! இறுகுது!” கந்தையா அண்ணை சட்டியைச் சுற்றி ஒரு ஆட்டமே ஆடிவிட்டார். ஜன்னலில் இருந்த இருபத்தெட்டும் கூவிய கூவல் வட்டுக்கோட்டை வரைக்கும் கேட்டிருக்கும். சந்தோஷமென்றால் அதுதான் சந்தோஷம்! பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படி இருக்கவில்லை.

அச்சுக்கு எங்கே போவது? தேங்காய்ச் சிரட்டைதான். பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கி வந்த சிரட்டைகளில் ஊற்றிவைத்தோம். காலையில் கவிழ்த்துத் தட்டினால் பச்சை நிறத்தில் அரைக் குண்டு அரைக் குண்டாய் விழுந்தன. வேப்பெண்ணெய் நாற்றம் மூக்கைப் பிய்த்தது. நுரைத்ததா? நுரைத்தது ஐயா!

ஆனால் அன்று ஞாயிறு. ஓய்வுநாளில் ஊசிகூடத் தொடவிடாத மேற்றன். நான் தயங்கினேன்.

அவர் கஞ்சிச் சேலையைத் தூக்கிச் செருகினார். “என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீர்? ஆண்டவர் சொறியையும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார். கிடாரத்தை அடுப்பிலை ஏத்தும்!”

திங்கட்கிழமை அதிபர் வந்தபோது கொடியெல்லாம் வெள்ளை விரிப்பு. கிணற்றடியில் வரிசையாகத் தலை முழுகிய பிள்ளைகள். மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவர், “இன்னும் ஒரு கிழமை பாப்பம்” என்றார். அந்தக் கிழமைக்குள் சொறி அடங்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு விடுதியைப் பூட்டுகிற பேச்சே இல்லை. இருபத்தெட்டுப் பேரும் அதே விடுதியில் இருந்து படித்து, அங்கிருந்தே போய்ச் சோதனை எழுதினார்கள். ஒருத்தி குறையவில்லை!

செய்தி பரவியது. பக்கத்துப் பள்ளிக்கூட விடுதிக்காரர் செய்முறை கேட்டு மேற்றனிடம் வந்தார்களாம். வந்தவர்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பதைக் கந்தையா அண்ணைதான் எனக்கு ஒளிவுமறைவில்லாமல் வந்து சொன்னார்.

“ரீச்சர் தண்ணியைக் கூட்டிப்போட்டு முழிச்சுக்கொண்டு நிண்டவ. நான் என்ரை சவுக்காரத்தைக் கொண்டுபோய்ப் போட்டாப் பிறகுதான் அது சவுக்காரமாய் வந்தது.”

கேட்டதும் சுள்ளென்று கோபம் வந்தது. சண்டைக்குப் போவதற்குச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டேன்... இரசாயனப்படி மேற்றன் சொன்னது முழு உண்மை.