செல்வியின் பெயரில் போன ட்ரே

2023 மார்ச் 22, புதன்கிழமை. காலை 4.35க்கு எழுந்தேன். 5.10க்கு ஹவுன்ஸ்லோவில் பஸ். 5.50க்கு உடை மாற்றி, வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, ஆறு மணிக்கு கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரங்களில் முதலாவதில் அன்றைய நீராவிச் சோதனையை ஓட்டினேன். சோதனைத் தாள் ஒரே சீராக நிறம் மாறியிருந்தது. தேதி, நேரம், கையெழுத்து.

எங்கள் பிரிவு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. தியேட்டரில் அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் ட்ரேயோடு எங்களிடம் வரும். வாஷ் சைடில் கழுவுவோம். பேக்கிங் ரூமில் ஒவ்வொன்றையும் விளக்கு வைத்த லென்ஸின் கீழே திறந்து பார்த்து அடுக்குவோம். அதன் பிறகுதான் நீராவி. அப்போது நான் அங்கே டீம் லீடர். இப்போது இல்லை. ஏன் இல்லை என்பதை இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் வாயாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தவறு நடந்தது மார்ச் 7, செவ்வாய்க்கிழமை. தியேட்டரிலிருந்து ஒரு ட்ரேயை அவசரமாகக் கேட்டார்கள். செல்வி தேநீர் இடைவேளைக்குப் போயிருந்தாள். அவளுடைய மேசைக் கம்ப்யூட்டர் அவள் பெயரிலேயே திறந்து கிடந்தது. அதை மூடிவிட்டு என் பேட்ஜை ஸ்கேன் செய்ய வேண்டும். பத்து வினாடி வேலை. அதைச் செய்யாதவர்களைத் தினமும் கண்டிக்கிறவன் நான். அன்று அதைச் செய்யாமல் அவள் மேசையிலேயே ட்ரேயை அடுக்கினேன். ஒரு இடுக்கியை மூட்டு வரை விரித்துப் பார்க்கவும் இல்லை. ட்ரே செல்வியின் பெயரில் போனது.

பிற்பகலில் தியேட்டரில் ட்ரேயைத் திறந்தபோது அந்த இடுக்கியின் மூட்டில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. நோயாளிக்கு மயக்கமருந்து கொடுத்தாயிற்று. வேறு ட்ரே வரும்வரை எல்லோரும் முப்பத்தைந்து நிமிடம் காத்திருந்தார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை.

செல்வி திருநெல்வேலிப் பெண். சேர்ந்து ஐந்து மாதம், ப்ரொபேஷனில் இருந்தாள். எங்கள் மேனேஜர் வெள்ளைக்காரர், நியாயமான மனிதர். கம்ப்யூட்டர் பதிவைக் காட்டிக் கேட்டார். அந்த ட்ரேயைத் தொட்ட ஞாபகமே இல்லை என்றாள் அவள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவளை வாஷ் சைடுக்கு மாற்றினார்கள். அவளை வேலையில் வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யும் கூட்டம் மார்ச் 24, வெள்ளிக்கிழமை என்று குறித்தார்கள்.

நான் கத்தோலிக்கன். என் டயரியில் மார்ச் 7 முதல் பதினைந்து இரவுகளிலும் ‘ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன்’ என்று எழுதியிருக்கிறேன். பதினைந்து வரியும் ஒரே மாதிரி. போதாததற்கு, செல்வி நல்ல உழைப்பாளி என்று மேனேஜருக்கு ஒரு கடிதமும் கொடுத்தேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

22ஆம் தேதி மத்தியானம் செல்வி ஒரு சாப்பாட்டு டப்பாவோடு வந்தாள். தவக்காலத்தில் நான் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“புளிச்சாதம்ணா. முட்டைகூட வைக்கல, பயப்படாம சாப்பிடுங்க. எனக்காக லெட்டர் குடுத்தீங்களாமே, மேனேஜர் சொன்னாரு.”

அது ஒன்றும் பெரிய விஷயமில்லை என்றேன். அவள் போகாமல் நின்றாள்.

“எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துருச்சுண்ணா. வீட்ல டம்ளர் கழுவுனாக்கூட வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்குறேன். என் வீட்டுக்காரர் சிரிக்கிறாரு, குடிக்க எப்பத் தருவேன்னு.”

அவளும் சிரித்தாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

மாலை 6.30க்குக் கோயிலில் தமிழில் பாவசங்கீர்த்தனம், பாதிரியாரிடம் தனியாகப் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கு. நான் எப்போதும் பாவங்களைப் பத்துக் கட்டளைகளின் வரிசைப்படி எண் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போவேன். அன்று ஏழு இருந்தன. சுவாமியார் மன்னார் ஆள், என்னைவிட இருபது வயது இளையவர். வாசித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“லிஸ்ட் நல்ல வடிவா இருக்கு ஐயா. நாலாவதை இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

வேலையிடத்தில் ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டேன் என்று மறுபடியும் வாசித்தேன்.

“அதால ஆருக்கு என்ன நடந்தது?”

“செல்வி எண்டு ஒரு பிள்ளை. என்ர பிழை அவவின்ர பேரில போச்சுது.”

“இப்ப அவ எப்பிடி இருக்கிறா?”

கூட்டத்தைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

“இண்டைக்கு மத்தியானம் அவ தந்த சோத்தைச் சாப்பிட்டனான், சுவாமி.”

தாளை மடியில் போட்டுவிட்டு அழத் தொடங்கினேன். எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு வயது. செத்த வீடுகளில் அழுதிருக்கிறேன். பாவத்துக்காக ஒரு நாளும் அழுததில்லை. பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தை, சிறு வயதில் முதல் நற்கருணையாகிய புதுநன்மை வாங்கிய நாள் முதல் ஒரு சொல் பிசகாமல் சொல்லி வந்தவன், அன்று முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். மனஸ்தாபம் என்ற சொல்லுக்குள் இவ்வளவு பெரிய துக்கம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் விளங்கியிராது. கடவுள் தூரத்தில் இருந்து என்னைப் போலவே குறித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்று அந்தச் சிறிய அறைக்குள், மிகவும் கிட்டத்தில், யாரோ வந்து நின்றதுபோல் இருந்தது. எழுந்து ஓட வேண்டும் போலவும் இருந்தது, அந்த இடத்தை விட்டு ஒருபோதும் போகக் கூடாது போலவும் இருந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று டயரியில் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

சுவாமியார் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் சொன்னார்: “இந்தக் கண்ணீர் நீங்கள் எழுதிக்கொண்டு வந்ததில்லை ஐயா. உங்களுக்குத் தரப்பட்டது. பாவமன்னிப்பு தாறன். ஆனா அந்தப் பிள்ளையின்ர பேரை நீங்கள்தான் திருப்பிக் குடுக்க வேணும்.”

வெளியே வந்தபோது ஒரு விமானம் வீடுகளின் மேல் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. இருபது வருடமாகப் பார்க்கிற காட்சி. அன்று தெருவோரம் நின்று, அது மறையும்வரை பார்த்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒன்று சொல்லித் தருவோம். இரத்தம் காய்ந்த கருவியை அப்படியே நீராவியில் வைத்தால் கிருமி சாகும், கறை இன்னும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முதலில் தண்ணீரில் ஊற வேண்டும், தேய்த்துக் கழுவ வேண்டும். பதினைந்து இரவும் நான் ஊற வைக்காமலே நீராவியை ஓட்டியிருக்கிறேன். பாவத்துக்காகத் துக்கப்படாமல் மன்னிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் துக்கம் வந்த பிறகுதான், நான் கறை என்று எழுதி வைத்திருந்த இடத்தில் ஒரு மனுஷி நின்றது தெரிந்தது.

மார்ச் 23, வியாழக்கிழமை. காலை 5.55. பேட்ஜை ஸ்கேன் செய்யவில்லை, நீராவிச் சோதனையைத் தொடவில்லை. தெருச் செருப்போடு போகக்கூடிய எல்லைவரை போய், வாஷ் சைடில் நின்ற செல்வியைக் கூப்பிட்டேன். அந்த ட்ரேயை அடுக்கியது நான், பார்க்காமல் விட்டது நான், தெரிந்தும் பேசாமல் இருந்தது நான் என்று சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள்.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருந்துச்சாண்ணா?”

“ஓம், தங்கச்சி.”

அவள் என்னைத் திட்டவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

“மேனேஜர் ஏழு மணிக்குத்தான் வருவாரு. நானும் வர்றேன். நீங்க அவர்கிட்ட சொல்றதை நான் என் காதால கேக்கணும்.”

ஏழு மணி வரை அவருடைய அறைக் கதவுக்கு முன்னால் இருவரும் நின்றோம்.