முத்திரை போட்ட மிளகாய்த்தூள்

திருவனந்தபுரத்துக்குக் குடிவந்த புதிதில் ஆரியசாலைக் கடையொன்றில் மிளகுப்பொடி கேட்டேன். கடைக்காரர் சிவக்கச் சிவக்க மிளகாய்த்தூளைப் பொட்டலம் கட்டினார். "மிளகுல்லா கேட்டேன்" என்றேன். "இது முளகு தன்னே" என்றார். மலையாளத்தில் மிளகாய்தான் முளகு. நம்முடைய மிளகுக்கு அங்கே குருமுளகு என்று பெயர். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் அதையே வாங்கி வந்துவிட்டேன்.

அதில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போட்டபோது சாயம் இழை இழையாக இறங்கியது. எங்கள் ஊரான வள்ளியூரில் மிளகாயைக் காயவைத்து மில்லில் அரைத்து வருவோம். இங்கே ஓயாத மழை. காயவைக்க முற்றமும் கிடையாது. எங்கள் சந்தில் சித்தாள் வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் போகிற பெண்களுக்கு அரைக்க நேரமேது? எல்லோரும் அந்தச் சாயத்தூளைத்தான் வாங்கினோம். அக்மார்க் முத்திரை போட்ட சுத்தமான தூள் பெரிய டின்னில், பெரிய கடைகளில் மட்டும் இருந்தது. எங்களால் வாங்க முடியாத விலை.

என் மகளுக்கு வயிறு கெட்டு, டாக்டர் தூளை மாற்றச் சொன்ன அன்று பக்கத்து வீட்டுச் சரசம்மாவிடம் அழுதேன். அவள் மலையாளி. "நமுக்கு ஒருமிச்சு டின் வாங்காம் சேச்சி. பங்கிட்டெடுக்காம்" என்றாள். சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறாள் என்று புரிய, பங்கு என்ற சொல் போதுமானதாக இருந்தது.

மொத்தக்கடை அண்ணாச்சியிடம் போனோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் கணவர் அவரிடம்தான் கணக்கெழுதினார். "அண்ணாச்சிகிட்ட வாயக் குடுத்து நம்ம பொழப்பக் கெடுத்துராத" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"முத்திரைத் தூளு வாங்க இங்க யாரும்மா இருக்கா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"இந்தா நிக்கோம்லா" என்றேன். எனக்குப் பின்னால் சந்துப் பெண்கள் டப்பாக்களோடு நின்றார்கள். "மொத்த விலைக்கு டின்னெடுத்து, எங்க கண்ணு முன்னால ஒடைச்சு, நூறு நூறு கிராமா நிறுத்துக் குடுங்க."

"இனி சாயப்பொடி வேண்டா முதலாளி" என்றாள் சரசம்மா.

கணவர் கணக்கேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அண்ணாச்சி எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். "வரவழைக்கேன்" என்றார்.

டின் வந்தது. சாயத்தூளைவிடச் சற்றே கூடுதல் விலை, எங்களுக்குக் கட்டுப்படியானது. உச்சிப்பொழுதுக்கு முன்பே டின் காலி. சாப்பிட உட்கார்ந்த கணவர், "அண்ணாச்சி இன்னும் டின் வரவழைக்க எழுதச் சொல்லிட்டாரு" என்று சிரித்தார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மற்றக் கடைகளும் முத்திரைத் தூளைச் சில்லறையில் விற்கத் தொடங்கின. சித்தாள் பெண்கள் கூலி வாங்கிய கையோடு வந்து, முத்திரையைத் தொட்டுப் பார்த்து வாங்கிப் போனார்கள். மகளும் தேறினாள்.

அடுத்த விடுமுறைக்கு வள்ளியூர் போனபோது கடைத்தெருவில் மிளகாய்த்தூள் வாங்கும்போது என்னை அறியாமலே, "முத்திரையுள்ளது உண்டோ?" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்து, "மலையாளத்துக்காரங்களா?" என்றார். ஆரியசாலையில் நான் இன்றும் தமிழத்திதான். எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்த ஊருக்காரிதான் அண்ணாச்சி" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னேன். "முத்திரை போட்டது இல்லாட்டா வரவழைச்சு வைங்க. திருவனந்தபுரம் போயிட்டு அடுத்த லீவுக்கு வந்து கேப்பேன்."