ஒலாயா வாங்கிய சாட்சி

துருஹியோ நகரில் தோன் லோப்பே வீட்டுத் துணியைக் காலமெல்லாம் வெளுத்தவள் ஒலாயா. பெரிய வீடுதான். வாசலுக்கு மேலே கல்லில் குலச்சின்னம், உள்ளே ஒட்டுப்போட்ட படுக்கை விரிப்பு. எத்தனை ஒட்டு என்று அவளுக்குத் தெரியும். வெளியே மூச்சு விட்டதில்லை.

சொத்தெல்லாம் மூத்தவனுக்கு என்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். இளையவர் லோப்பே பிழைப்புத் தேடிக் கடல்கடந்த பெருவுக்குக் கப்பலேறினார். கூட வேலைக்காரனாகப் போனவன் ஒலாயாவின் புருஷன் ஹினேஸ். கல்யாணமாகி எட்டு மாதம். அவளுக்கு இருபது வயது. நாலாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. வழியோடு போன ஒருவனைப் பிடித்துப் படிக்கச் சொன்னாள். இங்கே லிமா பட்டணத்தில் எசமானின் துணிக்கடையில் நாள் முழுக்கத் துணி அளந்து கிழிக்கிறேன், சுகம் என்றிருந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

பதினாறாம் வருஷம், அண்ணன் செத்த சேதி கேட்டு லோப்பே மட்டும் திரும்பினார்.

"ஹினேஸா? போன மறுவருஷமே என்னைவிட்டுப் பிரிஞ்சு போயிட்டான். இருக்கானா செத்தானா, எனக்கெப்படித் தெரியும்?" என்றார்.

நாலாம் வருஷக் கடிதம் பெட்டியில் இருந்ததால், பொய் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. எதற்குப் பொய் என்றுதான் புரியவில்லை.

பன்றி மேய்க்கும் தோரிபியோ அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தான். புருஷன் செத்ததற்குச் சாட்சி இல்லாமல் மணம் முடித்துவைக்க முடியாது என்று பங்குச் சாமியார் கையை விரித்துவிட்டார். இப்படியே மூன்று வருஷம் ஓடிற்று.

"இன்னும் எத்தனை நாளு புள்ள, நான் பன்னியோடவே பேசிக்கிட்டுக் கெடக்கறது?"

"பன்னி பதில் சொல்லுதா?"

"உன்னைவிட நல்லாவே சொல்லுது."

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் அழுதாள். முப்பத்தொன்பது வயது. அனாதையாய்க் கிடந்து சாகப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தோன் லோப்பேக்கு, உயர்குடிப் பிரபுக்களை மட்டுமே சேர்க்கும் சந்தியாகப்பர் சபையின் சிவப்புச் சிலுவையை மார்பில் தைத்துக்கொள்ள ஆசை வந்தது. சபையிலிருந்து விசாரிக்க இரண்டு பேர் ஊருக்கு வந்தார்கள். வம்சம் சுத்தமா, கைத்தொழில் செய்ததுண்டா, கடை வைத்ததுண்டா? கடை வைத்தவனுக்கு அந்தச் சிலுவை கிடையாது. பழைய வேலைக்காரர்களைக் கேட்பார்கள் என்றதும் ஒலாயாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வெளுத்த துணியைத் தானே எடுத்துக்கொண்டு போனாள்.

"எசமான், நாளைக்கு என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

"நல்லதாப் போச்சு. நம்ம வீட்டைப் பத்தி உனக்குத் தெரியாததா?"

"தெரியுங்க. ஹினேஸ் எழுதின காயிதம்கூட இருக்கு. உங்க துணிக்கடையைப் பத்தி எழுதியிருக்கான்."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "என்ன வேணும் உனக்கு?"

"அவன் செத்துட்டானா, எசமான்?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "செத்துட்டான்."

"அதைச் சாமியார்கிட்ட வந்து சொல்லுங்க."

அன்றைக்கே வந்தார். சுவிசேஷத்தின் மேல் கைவைத்து, விஷக்காய்ச்சல், அருளப்பர் திருநாளுக்கு முந்தின நாள், கண்ணை நானே மூடினேன் என்றார். மறுநாள் விசாரணைக்காரர்கள் முன்னால் ஒலாயா கைவைத்தாள். அப்பழுக்கில்லாத வம்சம், கடை கண்ணி என்று காதால்கூடக் கேட்டதில்லை என்றாள்.

அவருக்குச் சிலுவை கிடைத்தது. அவளுக்குத் தோரிபியோ கிடைத்தான். கடிதத்தை அடுப்பில் போட்டாள்.

கல்யாணமான மறுவாரம் துணி எடுக்கப் போனபோது மனசு கேட்காமல் கேட்டுவிட்டாள். "எசமான், நெசமாவே செத்துட்டானா?"

லோப்பே மார்புச் சிலுவையை நீவிவிட்டுக்கொண்டார். "நீ அவங்ககிட்ட நெசத்தைத்தான் சொன்னியா, ஒலாயா?"

தோரிபியோ நல்லவன். இருபத்திரண்டு வருஷம் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. முன்னெல்லாம் பெருவிலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் ஓடிப்போய் ஹினேஸைப் பற்றி விசாரித்தவள், இப்போது அப்படி யாராவது வந்தால் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.

"கதவைத் திற புள்ள, அந்த ஆளு போயாச்சு" என்பான் தோரிபியோ.

"அவனுக்கு வயசு என்ன இருக்கும்?" என்று உள்ளிருந்தே கேட்பாள்.