எழுந்து நின்ற நோய்

புதுப் பள்ளியின் முதல் நாள், காலை எட்டு நாற்பதுக்குக் கணக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி விறைப்பாக எழுந்து நின்றாள். சொந்த நாட்டில் ஒன்பது வருடமாக அப்படித்தான் நின்றிருக்கிறாள். மற்ற இருபத்தாறு பேரும் உட்கார்ந்தே இருந்தார்கள். இங்கே பாட நேரத்தில் எழுந்து நின்றால் ஒரே அர்த்தம்தான்: அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டும்.

டீச்சர் கதவைக் காட்டினார். பெரியவர்கள் காட்டிய பக்கம் போய்த்தானே பழக்கம். போனாள், கை கழுவினாள், திரும்பினாள். அடுத்த டீச்சர் வந்தார். மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் கதவு. ஒன்பது நாளில் நாற்பத்தொரு முறை.

பத்தாம் நாள் பள்ளி நர்ஸிடமிருந்து கடிதம் வந்தது. மாணவிக்குச் சிறுநீரகக் கோளாறு போலிருப்பதால், மாதக் கடைசியில் நடக்கும் நட்சத்திரம் பார்க்கும் முகாமுக்கு அனுப்ப முடியாது. அந்த முகாமுக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தவள் அவள்தான்.

"ஒண்ணுமில்லன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றார் அப்பா.

"யாரும் கேக்கலையேப்பா. கதவத்தான் காட்டுறாங்க."

"அப்ப எந்திரிக்காம இரு."

"நான் இருப்பேன். கால் இருக்க மாட்டேங்குது."

"ஸ்பிரிங்கு," என்றான் தம்பி, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

விளக்கிச் சொல்ல மறுநாள் அப்பாவே போனார். காத்திருந்த அறைக்குள் நர்ஸ் வந்ததும் அப்பாவும் சட்டென்று எழுந்து நின்றார். நர்ஸ் பெருமூச்சு விட்டு நடைவழியைக் காட்டினார்.

"சொன்னீங்களாப்பா?"

"எங்க சொல்ல விட்டாங்க," என்றார் அப்பா, ஈரக் கையைத் துடைத்தபடி. கடிதத்தில் இரண்டு வரி கூடியிருந்தது: பரம்பரை நோய். ஒரு வாரம் எழுந்திருக்காமல் இருந்தால் மறுபரிசீலனை.

திங்கட்கிழமை ஸ்வெட்டர் கைகளால் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். டீச்சர் வந்ததும் நாற்காலியும் இரண்டு அங்குலம் எழுந்து, மறுபடி உட்கார்ந்தது. வியாழன் வரை தாக்குப்பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சை. டீச்சர் வினாத்தாளோடு நுழைந்ததும் இருபத்தாறு பேரும் எழுந்து நின்றார்கள். எழுந்தால் வெளியே விடுவார்கள் என்பதை இரண்டு வாரமாகப் பார்த்துக் கற்றிருந்தார்கள். உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

நர்ஸை அழைத்தார்கள். அவர் தலைகளை இரண்டு தடவை எண்ணிவிட்டு எழுதினார்: தொற்று. தப்பியவர் ஒருவர்.

ஐம்பது இருக்கைப் பேருந்தில் அவள் மட்டும் முகாமுக்குப் புறப்பட்டாள். கூட வரும் ஆசிரியர் படியேறியதும் எழுந்து நின்றாள். அவர் ஜன்னல் வழியாகப் பள்ளியின் இடது கோடியைக் காட்டினார். போய், கை கழுவிவிட்டு வந்தாள். பேருந்து ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது.