இன்னும் ஃப்ரீசரில்

வேலூர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் கல்லீரல் மாற்றுப் பிரிவுக்கு நான் தலைவி. எனக்கு வாய் நீளம் என்று பிரிவில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். எதையும் பட்டென்று சொல்லிவிடுவேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் மெஷினில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகனின் உறுப்புகளைக் கொடுத்திருந்தார். சிறுநீரகங்கள் இரண்டு பேருக்குப் போயின. கல்லீரலில் கொழுப்பு மண்டியிருந்ததால் யாருக்கும் பொருத்த முடியவில்லை. அப்படிப்பட்ட கல்லீரலைத் தேற்றிப் பொருத்த வழி உண்டா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. அதற்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "யாருக்காச்சும் ஒதவுனா சரி" என்று கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்து என் அறைக்கு வந்தார்.

"ஈரல் யாருக்குப் போச்சு டாக்டரம்மா? பேரு வேணாம். நல்லா இருக்கறாங்களான்னு மட்டும் சொல்லுங்க."

"யாருக்கும் போகலம்மா. இங்கதான் ஃப்ரீசர்ல பத்திரமா இருக்கு."

ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்கு ஃப்ரீசர் என்றால் ஒன்றுதான்: வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை பிணத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் கண்ணாடிப் பெட்டி.

"இன்னாம்மா சொல்றீங்க? எம்புள்ள இன்னும் ஃப்ரீசர்லயா கெடக்கறான்? அப்போ நாங்க பண்ண கருமாதி?"

திசு, மாதிரி, பரிசோதனை என்று விளக்கித் தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பொண்ணுக்குக் கல்யாணம் பேசி வெச்சிருக்கோம். ஊட்ல ஒருத்தன் அடக்கம் ஆவாம இருக்க சொல்ல எப்டிம்மா மேளம் கொட்டுறது? குடுத்துடுங்க."

ஆய்வகத்து ஃப்ரீசர் பல வருஷமாக உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. அன்றுதான் அது என் காதில் விழுந்தது. கதவைத் திறந்தால் வரும் வெண்புகையில் ஒரு முகத்தைத் தேட ஆரம்பித்தேன். இவ்வளவு படித்தும் இப்படியா என்று வெட்கமாக இருந்தது. தேடுவது மட்டும் நிற்கவில்லை.

"பாதியில குடுத்தா இத்தனை நாள் வேலையும் வீணாப் போய்டும் மேடம்" என்றார் உடன் ஆராய்ச்சி செய்யும் டாக்டர். போனால் போகட்டும் என்று கத்திவிட்டு, அனுமதி வாங்கக் கிளம்பினேன்.

அனுமதி கிடைத்ததும் அந்த அம்மா புது வேட்டியோடு வந்தார். ஈரலில் மிஞ்சியதை வைத்திருந்த பெட்டி உள்ளங்கை அளவுதான். வேட்டியை அதன்மேல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், துணி தீரவில்லை.

"இவ்ளோதானா?"

"இல்லம்மா. பரிசோதனையிலயே நெறைய போய்டுச்சு. சீவல் சீவலா எடுத்து, சாயம் போட்டு, கண்ணாடியில கொஞ்சம் ஒட்டி வெச்சிருக்கோம். வேணும்னா அதையும் தர்றேன்."

"கண்ணாடிக்குள்ளதானே? அது போட்டோ மாதிரி. செத்தவங்க போட்டோ இருக்கலாம். நீங்களே வெச்சுக்கோங்க." வேட்டிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

பாலாற்றங்கரை இடுகாட்டில் மகன் பக்கத்திலேயே புதைத்தார்களாம். மறுபடி கருமாதி வைத்து, மகள் கல்யாணத்தையும் முடித்துவிட்டார்கள். அவர்கள் வீட்டிலிருந்து அவன் ஒருவழியாகப் போய்விட்டான்.

எங்களிடமிருந்து போகவில்லை. அந்தக் கண்ணாடிச் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்து நான் பார்த்தாக வேண்டும். அது என் வேலை. முன்பு செல்கள் தெரியும். இப்போது கண்ணை வைத்ததுமே அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் என்னைப் பார்க்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.